தாத்தாவின் கல்யாணமும் தம்பியின் கல்யாணமும்

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து 41 வயதுச் சகோதரி ஒருவர் கைப்பட ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரிந்துவிடக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு ஒரே தம்பி. வயது 33, கோவையில் வேலை. நான்கு வருடமாக ஒரு நண்பருடன் வீடெடுத்துத் தங்கியிருக்கிறார். போன பொங்கலுக்கு வந்தபோது எல்லோரையும் உட்காரவைத்து, 'அவன் எனக்கு நண்பன் மட்டும் இல்லை. சேர்ந்து வாழ்கிறோம், கல்யாணமும் பண்ணிக்கொள்ளப் போகிறோம்' என்று சொல்லிவிட்டார். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், 1955இல் பிறந்தவர், கடவுள் மறுப்பாளர். தாத்தா காலத்திலிருந்தே கறுப்புச் சட்டைக் குடும்பம். தாத்தா 1951இல் செய்துகொண்டது சுயமரியாதைத் திருமணம். அம்மா மட்டும் சஷ்டி விரதம் தவறாதவர். 'கடவுளே இல்லை என்கிற அப்பா, இது இயற்கைக்கு விரோதம், இனி என் வாசலை மிதிக்காதே என்றார். இரண்டு நாள் யாரோடும் பேசாத அம்மா, மூன்றாம் நாள் என்னிடம், அந்தத் தம்பிக்கு அம்மா இருக்காங்களா என்று மட்டும் கேட்டார்' என்று எழுதுகிறார் சகோதரி.

அந்த இளைஞருக்கு அம்மா இருக்கிறார். கத்தோலிக்கர். 'தியானக் கூட்டத்துக்குக் கூட்டிப்போய் இந்த ஆவியைத் துரத்தணும்' என்கிறார். சகோதரியின் கணவரோ, 'பத்து வயதுப் பையன் இருக்கிற வீட்டுக்கு அவன் வரக்கூடாது' என்கிறார். சென்னையில் ஒரு டாக்டர் ஊசி போட்டுச் சரிசெய்கிறார் என்று சொந்தக்காரர் ஒருவர் நம்பர் கொடுத்திருக்கிறார். இதற்கிடையில், வாழ்நாளில் ஜாதகத்தைத் தொட்டுப் பார்க்காத அப்பா, மகனுக்கு ஜாதகம் எழுதி வாங்கித் தரகரிடம் கொடுத்துவிட்டார். ஆவணி பிறந்ததும் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. தம்பியைச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பு அக்காவுக்கு.

அவர் கேட்பது இது: 'எனக்கும் இந்த ஓரினச்சேர்க்கை தப்பு என்றுதான் படுகிறது. ஆனால் என் தம்பி தப்பானவன் இல்லை. இதில் யார் பேசுவது சரி? கல்யாணம் முடித்து வைத்தால் சரியாகிவிடாதா? சுயமரியாதைக் கல்யாணம் செல்லும் என்கிறான் தம்பி, செல்லுமா? நான் போய் நின்றால் அதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா?'

அன்புள்ள சகோதரிக்கு,

குடும்ப நீதிமன்ற வராந்தாவில் வக்கீலாக 22 வருடம் நின்றவள் நான். 'யார் பேசுவது சரி' என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலி எனக்குப் பழக்கமில்லை. உங்கள் வீட்டில் மூன்று விதமான பேச்சு ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கிறது. பாவமா இல்லையா என்பது ஒரு பேச்சு, சட்டத்தில் செல்லுமா என்பது இன்னொன்று, வீட்டுக்குள் விடலாமா கூடாதா என்பது மற்றொன்று. ஒன்றுக்குக் கிடைத்த பதிலை எடுத்து மற்றொன்றுக்குப் பூட்டுகிறார்கள். அந்தச் சிக்கலைப் பிரிக்க என்னால் உதவ முடியும்.

ஒரு சொல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'ஓரினச்சேர்க்கை' என்று கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். பத்திரிகைகளில் படித்துப் பழகிய சொல்தான். ஆனால் 'சேர்க்கை' என்றதும் பேச்சு படுக்கையறைக்குள் போய் நின்றுவிடுகிறது. உங்கள் கணவரை நீங்கள் அப்படி ஒரு சொல்லால் யாருக்கும் அறிமுகம் செய்யமாட்டீர்கள். தவிர, ஓரினம் என்று பார்த்தால் மனிதர் எல்லோருமே ஓரினம்தான். தன்பாலின ஈர்ப்பு என்ற சொல் இப்போது பரவலாகப் புழங்குகிறது. தம்பியிடம் பேசும்போது அதைச் சொல்லிப் பாருங்கள், அவர் முகத்தில் வித்தியாசம் தெரியும்.

முதலில் அந்தப் பெண்

உங்கள் கேள்விகளிலேயே அவசரமானதை நடுவில் புதைத்து வைத்திருக்கிறீர்கள். ஆவணியில் பார்க்கப்போகிற அந்தப் பெண்ணுக்கு உங்கள் கடிதத்தில் பெயரில்லை, ஊரில்லை. ஆனால் அவளை எனக்குத் தெரியும்.

சில வருடம் முன்பு வந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். பிளாஸ்டிக் கவரில் பத்திரிகை, மண்டப ரசீது, எம்.காம். சான்றிதழ் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தாள். அடிக்கிறாரா, குடிக்கிறாரா என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். 'இல்ல மேடம், ரொம்ப நல்லவரு. தினமும் சாயங்காலம் பூ வாங்கிட்டு வருவாரு. கையில குடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவாரு' என்றாள். குறை தன்னிடம்தான் என்று நம்பி, ஆறு மாதத்தில் பதினோரு கிலோ இளைத்திருந்தாள். மாமியார் வேறு, ஆம்பளையை வசப்படுத்தத் தெரியாதவள் என்று சாடை பேசியிருக்கிறார். அந்த மாமியாருக்கு மகன் விஷயம் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே தெரியும். வழக்கு நடந்த நாட்களில் பையனும் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்று அழுதான். இரண்டு பேரில் யாரைத் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

கல்யாணம் முடித்தால் சரியாகிவிடும் என்பது சரியாகாது, சகோதரி. ஈர்ப்பு அப்படியே இருக்கும். ஒளிக்க வேண்டிய இடம் மட்டும் ஒன்று கூடும். சட்டமும் இதை லேசாக எடுத்துக்கொள்ளாது. இந்து திருமணச் சட்டம் 12ஆவது பிரிவின்படி, மணமகனைப் பற்றிய முக்கியமான உண்மையை மறைத்துப் பெற்ற சம்மதம் சம்மதமே அல்ல என்று சொல்லி, உண்மை தெரிந்த ஓராண்டுக்குள் அந்தப் பெண் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். கொடுமை என்ற காரணத்தில் விவாகரத்தும் கேட்கலாம். தெரிந்தே மறைத்த பெற்றோர் மீதும், பேசி முடித்த அக்கா மீதும் புகார் போகும். உங்கள் கையெழுத்தில் உள்ள இந்த ஏழு பக்கமே, உங்களுக்கு விஷயம் தெரியும் என்பதற்குச் சாட்சி.

அதற்காகப் பெண் வீட்டாரிடம் போய்த் தம்பியின் விஷயத்தை உடைக்கவும் வேண்டாம். பாலின ஈர்ப்பு ஒருவருடைய அந்தரங்கத்தின் உள்ளே வருவது என்று 2017ஆம் ஆண்டு புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு சொல்லியிருக்கிறது. அதை யாரிடம், எப்போது சொல்வது என்பது தம்பியின் உரிமை. 'பையனுக்கு இப்போ இஷ்டமில்லை' என்ற ஒரு வரி தரகருக்குப் போதும்.

ஊசியும் தியானமும்

சென்னை டாக்டரின் நம்பரை அழித்துவிடுங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன்பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் இது நோயல்ல என்று வெளிப்படையாகச் சொன்னது. நம் ஊர் விஷயத்துக்கு வந்தால், 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 'மாற்றுகிறேன், குணப்படுத்துகிறேன்' என்று செய்யப்படும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்றார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் செய்வதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. ஊசி போடுகிற டாக்டரின் பதிவுக்கே அது ஆபத்து.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் மூன்றாவது பிரிவை உங்கள் அப்பாவுக்குப் படித்துக் காட்டலாம், ஆசிரியர் என்பதால் ரசிப்பார். ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, அரசியல் மதிப்பீடுகளுக்கோ மத நம்பிக்கைகளுக்கோ ஒத்துவரவில்லை என்பதை வைத்து அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக்கூடாது என்கிறது. எழுதியவர்கள் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினார்களோ என்று தோன்றும்.

அந்த அம்மா தியானத்துக்குப் போய் மகனுக்காக ஜெபிப்பதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அது அவருடைய விசுவாசம். ஆனால் மகன் விருப்பமின்றி அவரைக் கூட்டிப்போய் ஓரிடத்தில் அடைத்துவைத்தால், அதற்குச் சட்டத்தில் உள்ள பெயர் முறையற்ற சிறைவைப்பு. ஆவி ஓட்டுகிறேன் என்று கைவைத்தால் அதற்கும் பெயர் இருக்கிறது.

'இயற்கைக்கு விரோதம்' யாருடைய வாக்கியம்?

அப்பா சொன்ன அந்தச் சொற்றொடரை நான் கவனித்தேன். அது திருக்குறளிலும் இல்லை, பெரியாரின் குடியரசு இதழிலிருந்து வந்ததும் இல்லை. மெக்காலே வரைவிலிருந்து 1860இல் உருவான இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவில் இருந்த சொல். வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போனதை, 'மேல்நாட்டுச் சீரழிவு நமக்கெதற்கு' என்று சொல்பவர்களும் அப்படியே ஒப்பிக்கிறார்கள். இங்கிலாந்து தன் சட்டத்தை 1967இலேயே தளர்த்திக்கொண்டது. நமக்கு 2018 செப்டம்பர் 6 வரை ஆனது. அன்றுதான் நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து, வயதுவந்த இருவர் சம்மதத்துடன் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமல்ல என்றார்கள். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது. (சம்மதமில்லாமல் ஓர் ஆண் மீது நடக்கும் வன்முறைக்கும் அதில் தனிப் பிரிவு இல்லாமல் போய்விட்டது. அது வேறு கவலை.)

ஆகவே போலீஸ் பயம் தேவையில்லை. அப்பா கோபத்தில் 'மகனைக் காணோம்' என்று புகார் கொடுத்தாலும், இருவரும் வயதுவந்தவர்கள், விருப்பப்பட்டு இருக்கிறார்கள் என்று வாக்குமூலம் பெற்றுக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்பது அதே 2021 உத்தரவு. அடுத்த வருடமே தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதியில், இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தனியாக ஒரு விதியைச் சேர்த்தது.

அந்த 2021 வழக்கில் எனக்குப் பிடித்தது தீர்ப்பைவிட அதற்கு முன் நடந்தது. மதுரையிலிருந்து வீட்டை விட்டு வந்த இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கு அது. தனக்கே இந்த விஷயத்தில் தெளிவு போதாது, முன்முடிவுகள் இருக்கின்றன என்று நீதிபதி வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைத் தீர்ப்பிலும் எழுதினார். 'எனக்கும் தப்பு என்றுதான் படுகிறது' என்று எழுத நீங்கள் வெட்கப்பட்டிருக்கிறீர்கள். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு இல்லாத வெட்கம் உங்களுக்கு எதற்கு?

உங்கள் கணவரின் பயத்துக்கு ஒரு வார்த்தை. குழந்தைகளிடம் தவறாக நடப்பது ஒரு குற்றம். ஆண் ஆணை விரும்புவது ஓர் இயல்பு. முதலாவதிலிருந்து பையனைக் காப்பாற்றப் போக்சோ சட்டம் இருக்கிறது, அது மாமா, சித்தப்பா, டியூஷன் வாத்தியார் எல்லோருக்கும் பொது. இரண்டையும் ஒன்றாக்கினால், தவறு செய்பவன் 'நான் குடும்பஸ்தன்' என்று சொல்லித் தப்பித்துவிடுவான்.

மதம் என்ன சொல்கிறது

இங்கே உங்களை ஏமாற்ற மாட்டேன். 'எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது' என்று சொல்லி நழுவுவது எளிது. அது உண்மையில்லை. உலகின் பெரிய மதங்களில் பெரும்பாலான பிரிவுகள் திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்றுதான் இன்றும் போதிக்கின்றன. உச்ச நீதிமன்றத்தில் 2023இல் தன்பாலினத் திருமண வழக்கு நடந்தபோது, ஜமியத் உலமா-இ-ஹிந்து என்ற முஸ்லிம் அமைப்பும் இந்துத் துறவியர் அமைப்பு ஒன்றும் ஒரே பக்கம் நின்று எதிர்த்தன. வேறெதிலும் காண முடியாத ஒற்றுமை!

ஆனால் ஒவ்வொரு மதத்துக்குள்ளும் பேச்சு முடிந்துவிடவில்லை. அந்தக் கத்தோலிக்க அம்மாவிடம் அவருடைய திருச்சபை தன் போதனைகளைத் தொகுத்து வைத்திருக்கும் மறைக்கல்வி நூலையே எடுத்துப் பேசலாம். அது உடலுறவை ஏற்கவில்லை, பாவம் என்கிறது. அதே பக்கத்தில், இவர்களை மரியாதையோடும் பரிவோடும் நுண்ணுணர்வோடும் ஏற்க வேண்டும், அநியாயமாகப் பாகுபடுத்தும் எந்த அடையாளமும் கூடாது என்றும் சொல்கிறது. முதல் பாதியை மனப்பாடமாக வைத்திருக்கிறவர்கள் இரண்டாம் பாதியைக் கேட்டால் விழிப்பார்கள். 2023 டிசம்பர் 18 அன்று போப் பிரான்சிஸ் ஒப்புதலுடன் வத்திக்கான் வெளியிட்ட அறிவிப்பு, திருமணச் சடங்கு போலத் தோன்றாத வகையில் அத்தகைய இணையர்களுக்குக் குருக்கள் ஆசி வழங்கலாம் என்றது. போதனை மாறவில்லை என்றும் சேர்த்தே சொன்னது. ஆப்பிரிக்க ஆயர்கள் பலர் அதையும் ஏற்கவில்லை. ஆக, திருமணத்துக்கு அங்கே கதவு திறக்கவில்லை. ஆனால் மகனை 'ஆவி பிடித்தவன்' என்று அந்த மறைக்கல்வி எங்கேயும் சொல்லவில்லை. புராட்டஸ்டன்ட் எனும் சீர்திருத்தச் சபைகளில் சில நாடுகளில் கல்யாணமே செய்துவைக்கிறார்கள். அதே சபைகளுக்குள் அதற்காகப் பிரிந்து போனவர்களும் உண்டு.

உங்கள் அம்மாவின் பக்கம் நிலைமை வேறு. இது இப்படித்தான் என்று முடித்து வைக்க ஒரு தலைமை இந்து சமயத்தில் இல்லை. மனு தர்மம் ஆணோடு ஆண் கூடுவதைக் குற்றமாகத்தான் வைக்கிறது, பரிகாரம் என்னவென்றால் உடுத்த துணியோடு குளிப்பது. கணித மேதை சகுந்தலா தேவி 1977இல் இது குறித்து எழுதிய நூலுக்காகத் திருவரங்கம் கோயில் அர்ச்சகர் ஒருவரிடம் கருத்துக் கேட்டார். போன பிறவியில் ஆணும் பெண்ணுமாக இருந்து காதலித்திருப்பார்கள், உடலின் பால் மாறலாம், ஆன்மாவின் பந்தம் மாறாது என்ற பொருளில் பதில் வந்தது. அது அந்த அர்ச்சகரின் கருத்து, அவ்வளவுதான். அதை ஏற்காத அர்ச்சகர்கள் நூறு பேர் இருப்பார்கள். உங்கள் அம்மா இதையெல்லாம் படித்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. விரதமிருக்கும் அம்மா ஏற்றுக்கொண்டு, பகுத்தறிவாளர் அப்பா மறுக்கிறாரே என்று நீங்கள் திகைக்கிறீர்கள். என் அனுபவத்தில் இது அபூர்வமே இல்லை. மதம் ஒரு காரணம்தான். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பதற்குக் கோயிலும் கிடையாது, கொள்கையும் கிடையாது.

மத நம்பிக்கை உள்ளவர்களுக்கும் ஒரு பயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நாளைக்குச் சட்டம் மாறினால் எங்கள் கோவிலில் இதைச் செய்து வைக்கச் சொல்வார்களோ என்பது. இப்படிப்பட்ட திருமணம் சட்டமாகிப் பல வருடம் ஆன நாடுகளிலும் கத்தோலிக்கக் கோவில்களில் அது நடப்பதில்லை. பதிவாளர் அலுவலகம் வேறு, பீடம் வேறு. 2001இல் முதலில் சட்டமாக்கிய நெதர்லாந்திலும் அப்படித்தான்.

தம்பி கேட்கும் சுயமரியாதைத் திருமணம்

செல்லாது. தம்பியிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிறகு ஏமாற்ற வேண்டாம்.

இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் தமிழ்நாடு சேர்த்த 7அ பிரிவு, உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில், இவளை மனைவியாக, இவரைக் கணவனாக ஏற்கிறேன் என்று சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும் என்கிறது. ஆனால் அந்தப் பிரிவு இரு இந்துக்களுக்கு மட்டும், அதிலும் ஒருவர் கணவன், ஒருவர் மனைவி. தம்பியின் இணையர் கிறிஸ்தவர் என்பதால் முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடுகிறது. சிறப்புத் திருமணச் சட்டம்தான் மாற்று வழி. அதன் கீழும் முடியாது என்று 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருமணம் செய்யும் அடிப்படை உரிமை என்று ஒன்று அரசியலமைப்பில் இல்லை, அதைத் தர வேண்டியது நாடாளுமன்றம் என்றார்கள். மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆயின. திருநங்கை ஒருவர் ஆணை மணந்தால் செல்லும் என்று நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்றது. தம்பியின் நிலை அதுவல்ல.

செல்லாது என்பதற்கும் குற்றம் என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. இரண்டு பேர் நண்பர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொண்டால் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. அதற்குப் பதிவுச் சான்று கிடைக்காது, அவ்வளவே.

இப்போது உங்கள் தாத்தாவிடம் வருகிறேன். கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஆச்சியை அவருடைய பிறந்த வீட்டில் ரொம்ப காலம் 'சேர்ந்துக்கிட்டுப் போனவ' என்றுதான் பேசுவார்களாம். ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா? 1928இல் சுக்கிலநத்தத்தில் தொடங்கி எத்தனையோ சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தன. புரோகிதர் இல்லை, அக்கினி இல்லை, ஏழடி நடக்கும் சப்தபதி இல்லை. அதனாலேயே அவை சட்டப்படி திருமணமே அல்ல என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 1951இல் மாலை மாற்றிக்கொண்ட உங்கள் ஆச்சி, அந்தக் கணக்குப்படி மனைவி இல்லை. 1955இல் பிறந்த உங்கள் அப்பா, அந்தக் கணக்குப்படி என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை. அண்ணா முதலமைச்சரான பிறகு 1967இல் வந்த திருத்தம்தான், முன்பு நடந்தவையும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று சேர்த்துச் சொன்னது. அப்போது உங்கள் அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. பதினாறு வருடம் அந்த வீட்டில் சோறு பொங்கியது, குழந்தை வளர்ந்தது, தாத்தா ஆச்சியை மனைவி என்றுதான் கூப்பிட்டார்.

இரண்டு கல்யாணமும் ஒன்றுதான் என்று நான் வாதாடவில்லை. 'அது ஆணும் பெண்ணும், இது வேறு' என்று அப்பா சொல்வார், அந்த வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. தாத்தாவைப் போலவே தம்பிக்கும் சட்டம் ஒருநாள் வரும் என்று வாக்குக் கொடுக்கவும் எனக்கு அதிகாரமில்லை. அப்பாவிடம் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: சட்டம் ஏற்காத, ஊர் ஏற்காத, பூசாரி ஏற்காத ஒரு கல்யாணத்தை எப்படி மதிப்பது என்பது உங்கள் வீட்டுக்குத் தெரியாத கலையா? இதைத் தம்பி கேட்டால் சண்டையாகும். நீங்கள் கேளுங்கள். ஆச்சியின் படம் மாட்டியிருக்கும் அறையில் கேட்டால் இன்னும் நல்லது.

காகிதத்தில் செய்யக்கூடியவை

கல்யாணச் சான்று இல்லாவிட்டாலும் இருவரும் ஒருவருக்கொருவர் பாதுகாப்பாக ஏற்பாடு செய்துகொள்ள வழிகள் உண்டு. தம்பி இவற்றை இந்த வருடமே முடிக்கட்டும்.

உயில். இது இல்லாவிட்டால் தம்பிக்கு ஏதாவது ஆகும்போது அவருடைய சம்பாத்தியம் முழுக்கப் பெற்ற குடும்பத்துக்கு வரும், நான்கு வருடம் கூட வாழ்ந்தவருக்கு ஒரு நாற்காலிகூடக் கிடைக்காது. இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது.

வங்கி. கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28 அன்று தெளிவுபடுத்தியது. கவுண்டரில் கேள்வி கேட்டால் இதைக் காட்டலாம். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொடுப்பவர்தான், உரிமையாளர் அல்ல. உயிலும் சேர்ந்து இருந்தால்தான் பலன்.

மருத்துவம். மனநலச் சிகிச்சை விஷயத்தில், யாரை வேண்டுமானாலும் தன் பிரதிநிதியாக எழுத்து மூலம் நியமிக்கலாம் என்று 2017 சட்டத்தின் 14ஆவது பிரிவு சொல்கிறது. மற்ற ஆஸ்பத்திரி விஷயங்களுக்கு ஓர் அதிகாரப் பத்திரம் எழுதிக் கையில் வைத்திருக்கட்டும். எல்லா இடத்திலும் மதிப்பார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் நள்ளிரவில் ஐ.சி.யூ. வாசலில் 'நீங்க யாரு?' என்ற கேள்விக்கு நீட்ட ஒரு தாள் வேண்டும்.

தேர்ந்துகொண்ட குடும்பம். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டாரால் அடைத்துவைக்கப்பட்ட பெண் ஒருவரின் வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்று சொல்லி அவரை விருப்பப்படி போக விட்டது. இது திருமண உரிமை தரவில்லை, ஆனால் சேர்ந்து வாழ்பவர்களை யாரும் பிரித்து இழுத்துப் போக முடியாது என்பதற்கு நல்ல துணை.

சொத்தைப் பற்றி அப்பா மிரட்டியதாக எழுதியிருந்தீர்கள். அவர் சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், அது அவர் இஷ்டம். பூர்வீகச் சொத்தில் தம்பியின் பங்கை இந்தக் காரணத்துக்காகத் தட்ட முடியாது.

நீங்கள் போய் நிற்பது

'நான் போனால் ஒப்புக்கொண்டதாகுமா' என்ற கேள்விக்குச் சட்டத்தின் பதில் சுருக்கமானது. ஆகாது. செல்லாத நிகழ்ச்சிக்குச் சாட்சியாக நின்றால் உங்களுக்கு எந்தப் பொறுப்பும் வராது.

மனசாட்சியின் பதிலை நான் எழுதித்தர முடியாது. ஆனால் நம் வீடுகளில் மனசுக்கு ஒவ்வாத எத்தனை கல்யாணங்களுக்குப் போய் மொய் எழுதிவிட்டு வருகிறோம்! வரதட்சணை வாங்கிய கல்யாணத்துக்கும் போகிறோம். அங்கெல்லாம் 'ஒப்புக்கொண்டதாகுமா' என்று நம்மை நாமே கேட்பதில்லை, இங்கே மட்டும் கேட்கிறோம். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். யோசித்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், போகாதீர்கள். தம்பியிடம் நேராகச் சொல்லுங்கள்: 'எனக்கு இது இன்னும் சரியென்று படவில்லை, ஆனால் நீ என் தம்பி, தீபாவளிக்கு வா.' அதைத் தாங்கிக்கொள்ளும் வயது அவருக்கு ஆகிவிட்டது. உடம்பு சரியில்லை, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லும் பொய்தான் அவரை ஒடிக்கும்.

உங்கள் அம்மா கேட்ட கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்தக் கத்தோலிக்க அம்மாவின் தொலைபேசி எண்ணைத் தம்பியிடம் கேட்டு வாங்கி அம்மாவிடம் கொடுங்கள். அவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. விரதமிருக்கிறவரும் தியானத்துக்குப் போகிறவரும், வக்கீலைவிட நன்றாகப் பேசிக்கொள்வார்கள்.

அதற்கு முன்னால், தரகரிடமிருந்து அந்த ஜாதகத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள். ஆவணிக்கு அதிக நாள் இல்லை.